பட்டர்னோவின் சிலை

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பென்சில்வேனியா மாநிலத்தின் நடுவே, மலைத் தொடர்களுக்கிடைப்பட்ட ஒரு பள்ளத்தாக்கில், ஸ்டேட் காலேஜ் என்னும் சிறு நகரம் இருக்கிறது. கல்லூரியால் பிறந்த ஊராதலின் ஊருக்கும் அதுவே பெயராயிற்று. உழவர் வீட்டுப் பிள்ளைகள் படிப்பதற்கென்று 1855-ஆம் ஆண்டில் தோன்றிய பள்ளி அங்கே படிப்படியாக வளர்ந்து, பென் ஸ்டேட் என்று சுருக்கமாக வழங்கும் பெரிய பல்கலைக் கழகமாக விளங்குகிறது.

அந்தப் பல்கலைக் கழகத்து விளையாட்டரங்கின் அருகில் 2001-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஏழடி உயரமுள்ள வெண்கலச் சிலை ஒன்றை நிறுவினார்கள். ஆட்டக்காரர்கள் பின்தொடர, ஆட்காட்டி விரலை உயர்த்தியவண்ணம் களத்தை நோக்கி விரையும் ஒரு முதியவரின் உருவம் அது. அருகிலிருந்த சுவரில், கல்வியாளர், பயிற்சியாளர், மனிதாபிமானி என்னும் மூன்று சொற்களைப் பொறித்திருந்தார்கள். சிலைக்குரியவர் அப்போது உயிரோடிருந்தார், பணியிலும் இருந்தார். பதினோராண்டு நிறைவதற்குள், 2012-ஆம் ஆண்டு ஜூலை 22-ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை காலையில், சுற்றிலும் திரையிட்டு மறைத்துக்கொண்டு, பல்கலைக் கழகத்தாரே அந்தச் சிலையைப் பெயர்த்தெடுத்துச் சென்றனர். அதற்கு ஆறு மாதம் முன்னதாகவே அவர் காலமாகியிருந்தார்.

நேயர்களே, அந்த மனிதரின் பெயர் ஜோ பட்டர்னோ. புகழ் எப்படி ஏறிற்று, எப்படி இறங்கிற்று என்பதைக் காட்டிலும், அப்புகழே அவர் கையை எப்படிக் கட்டிப்போட்டது என்பதைச் சொல்லவே இந்தப் பேச்சை எடுத்துக்கொண்டேன்.

அவர் பயிற்றுவித்த ஆட்டத்தை அமெரிக்கர் புட்பால் என்கிறார்கள். நாம் அறிந்த கால்பந்து அன்று அது. பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும், எறிவதும், ஓடுகிறவனைத் தழுவி வீழ்த்துவதுமே அதில் பெரும்பகுதி. தலைக்கவசமும் தோட்கவசமும் பூண்டு போர்வீரரைப் போல ஆடுவார்கள். நம் நாட்டில் கல்லூரிகளுக்கிடையே நடக்கும் பந்தயத்தை அக்கல்லூரி மாணவர்களே முழுமையாகக் காண வருவதில்லை. அங்கேயோ கல்லூரிப் பந்தயம் என்றால் மாநிலமே திரண்டு வரும். பட்டர்னோ தலைமைப் பயிற்சியாளராக அமர்ந்தபோது பென் ஸ்டேட் அரங்கில் சுமார் 46,000 பேர் உட்காரலாம். அவர் காலத்திலேயே அது 1,06,000 பேருக்கு மேல் கொள்ளும் அரங்காகப் பெருகிவிட்டது. ஸ்டேட் காலேஜ் நகரத்தின் மக்கள்தொகையைப்போல் இரு மடங்குக்கு மேலானவர்கள் ஒரு சனிக்கிழமைப் பிற்பகலில் ஓரிடத்தில் கூடுவார்கள் என்றால், பயிற்சியாளர் பதவியின் கனத்தை ஊகித்துக்கொள்ளலாம். நம் உயர்நிலைப் பள்ளியின் டிரில் மாஸ்டரை மனத்தில் வைத்துக்கொண்டு இந்தக் கதையைக் கேட்டால் ஒன்றும் விளங்காது. பல இடங்களில் துணைவேந்தரினும் மிகுந்த ஊதியம் பெறுபவர் அங்கே பயிற்சியாளர்தான்.

பட்டர்னோ 1926-ஆம் ஆண்டு டிசம்பரில் நியூயார்க் நகரத்தின் புரூக்ளின் பகுதியில் இத்தாலிய வமிசத்துக் குடும்பத்தில் பிறந்தவர். பாதிரியார்கள் நடத்திய பள்ளியில் லத்தீன் பயின்று, வர்ஜில் என்னும் ரோமானிய மகாகவியின் காவியத்தில் தோய்ந்தவர். பிரவுன் பல்கலைக் கழகத்தில் ஆங்கில இலக்கியம் கற்றார். அங்கேயே ஆட்டக்காரராகவும் விளங்கினார். வழக்கறிஞராவார் என்று வீட்டில் எதிர்பார்த்திருக்க, தம்மைப் பயிற்றுவித்தவர் பென் ஸ்டேட்டுக்கு மாறியபோது 1950-ஆம் ஆண்டில் அவரோடு துணைப் பயிற்சியாளராகப் போனார். போனவர் போனவர்தாம், அறுபத்தோராண்டு அவ்வூரை விட்டு அகலவில்லை. 1966-ஆம் ஆண்டில் தலைமைப் பொறுப்பு வந்தது.

ஆட்டமும் படிப்பும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்று மெய்ப்பிப்பதே தம் சோதனை என்றார் அவர். அமெரிக்கக் கல்லூரிகளில் ஆட்டத் திறமை ஒன்றையே கருதி மாணவர்களைச் சேர்த்து, படிப்பில் அவர்கள் என்னவானார்கள் என்று திரும்பிப் பாராமல் விட்ட இடங்கள் மிகுதி. அவரோ வகுப்புக்கு வராதவனை ஆட்டத்தில் நிறுத்திவைப்பார் என்று பெயரெடுத்தார். அவருடைய மாணாக்கர் பெரும்பாலோர் பட்டம் பெற்றே வெளியேறினார்கள். ஆட்டக்காரரின் பெயரைச் சட்டையில் எழுதும் வழக்கத்தை ஏற்காமல், வெறும் எண்ணை மட்டுமே எழுத விட்டார். புகழ் தனியொருவனுக்கு உரியதன்று என்பது அதன் கருத்து. தொழில்முறைக் குழுவொன்று 1970-களின் தொடக்கத்தில் பெருந்தொகை தர முன்வந்து அழைத்தபோது மறுத்துவிட்டு, பழைய சம்பளத்திலேயே தங்கினார். அவரும் மனைவியாரும் பல்கலைக் கழகத்துக்கு நாற்பது லட்சம் டாலருக்கு மேல் நன்கொடை அளித்தார்கள். நூலகத்தை விரிவாக்கப் பொருள் திரட்டித் தந்தார். அந்தப் புதிய பகுதிக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது. பந்தாட்டப் பயிற்சியாளரின் பெயர் நூலகத்தின் நெற்றியில் இருப்பதைச் சொல்லிச் சொல்லி அவ்வூரார் பெருமைப்படுவார்கள். அதில் பொய்யொன்றும் இல்லை.

ஊரில் அவருக்கு ஜோபா என்று செல்லப் பெயர். ஜோ பட்டர்னோ என்பதன் இரு தலையசைகள் அவை. ஆனால் அவர்கள் மொழியில் 'பா' என்பது தந்தையையும் குறிக்கும். தடித்த கண்ணாடியும், கணுக்கால் தெரிய மடித்துவிட்ட கால்சட்டையும், வெள்ளைக் காலுறையும் கறுப்புக் காலணியுமாக, அவர் தம் வீட்டிலிருந்து அரங்கு வரை நடந்தே போவதைக் கண்டவர்கள் தந்தை என்று அழைத்ததில் வியப்பில்லை.

2011-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள் அவருடைய குழு இல்லினாய் குழுவை 10-க்கு 7 என்ற கணக்கில் வென்றது. அது அவருடைய 409-ஆவது வெற்றி. அப்பெருங் கல்லூரிக் குழுக்களின் வரலாற்றில் எந்தப் பயிற்சியாளரும் அதுவரை எட்டாத எண்ணிக்கை. பனி பொழிந்த அன்று கைதட்டிப் பாராட்டியவர்கள், பத்தே நாள் கழித்து அதே மனிதரின் வீட்டு முற்றத்தில் நின்று கண்ணீர் விட்டார்கள்.

காரணம் ஜெரி சாண்டஸ்கி என்பவர். அவர் முப்பதாண்டுக் காலம் பட்டர்னோவின்கீழ்த் துணைப் பயிற்சியாளராயிருந்து, 1999-ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றவர். ஆதரவற்ற சிறுவர்களுக்கென்று 1977-ஆம் ஆண்டிலேயே ஓர் அறநிலையத்தைத் தொடங்கியவரும் அவரே. அந்த அறநிலையத்தின் வழியாக வந்த சிறுவர்களைத்தாம் அவர் பல ஆண்டுகளாகப் பாலியல் கொடுமைக்கு உள்ளாக்கி வந்தார். வேலியே பயிரை மேய்ந்தது என்று ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடலாம். ஆனால் வேலியைச் சுற்றி நின்ற மனிதர்களைப் பற்றியதே நம் கேள்வி. 1998-ஆம் ஆண்டில் ஒரு தாய் முறையிட்டார். பல்கலைக் கழகக் காவலர் விசாரித்தனர். வழக்குத் தொடராமல் கோப்பை மூடிவிட்டனர். ஓய்வு பெற்ற பின்னரும் சாண்டஸ்கியிடம் விளையாட்டுக் கட்டடத்தின் சாவி இருந்தது.

2001-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, பட்டர்னோவிடம் உதவியாளராயிருந்த ஓர் இளைஞர் ஏதோ வேலையாக அந்தக் கட்டடத்துக்குள் போனார். குளியலறையில் சாண்டஸ்கியையும் ஒரு சிறுவனையும் கண்டார். கண்டதைத் தம் தந்தையிடம் சொன்னார். மறுநாட் காலையில் பட்டர்னோவின் வீட்டுக்குப் போய் அவரிடமும் சொன்னார். முழு விவரமும் சொல்லக் கூசினார் என்றாலும், நடந்தது பாலியல் தொடர்பானதொரு செயல் என்ற மட்டில் தமக்கு விளங்கியதாகப் பட்டர்னோவே பின்னாளில் சாட்சியம் அளித்தார். அன்று சனிக்கிழமை, அதிகாரிகளின் வார விடுமுறையைக் குலைக்க விரும்பவில்லை என்றும் அதே சாட்சியத்தில் கூறினார். பிறகு விளையாட்டுத் துறைத் தலைவரிடம் செய்தியைச் சொன்னார். தமக்கு மேலுள்ளவரிடம் சொல்லியாயிற்று, இனி அவர்கள் பாடு என்று தம் வேலைக்குத் திரும்பினார்.

இங்கேதான் சற்று நிற்க வேண்டும். தமக்கு மேலுள்ளவர் என்று அவர் கருதியது யாரை? அந்தத் துறைத் தலைவர் ஒரு காலத்தில் பென் ஸ்டேட் மாணவர். பட்டர்னோவின் நிழலிலே வளர்ந்தவர். பதவிப் படிநிலையை ஒரு தாளில் வரைந்தால் பட்டர்னோவின் பெயர் கீழே இருக்கும். ஊரின் உள்ளத்தில் வரைந்தால் உச்சியில் இருக்கும். இதை ஒரு நிகழ்ச்சி தெளிவாக்கும். 2000-ஆம் ஆண்டுக்குப் பின் சில பருவங்கள் அவர் குழு தொடர்ந்து தோற்றது. 2004-ஆம் ஆண்டில் பல்கலைக் கழகத் தலைவரும் விளையாட்டுத் துறைத் தலைவரும் அவர் வீட்டுக்கே நேரில் போய், ஓய்வு பெறுவதைப் பற்றி மெல்லப் பேச்செடுத்தார்கள். அவர் மாட்டேன் என்றார். வந்தவர்கள் வந்த வழியே திரும்பினார்கள். மறு பருவத்தில் அவர் குழு ஒரே ஒரு பந்தயம் தவிர மற்ற எல்லாவற்றிலும் வென்றது. தம்மை வேலையிலிருந்து விலக்க முடியாதவர்களைத் தமக்கு மேலதிகாரிகள் என்று ஒருவர் சொன்னால், அது விதிப்படி உண்மை, நடைமுறையில் உண்மையன்று.

இன்னொன்றும் உண்டு. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியில் அதிகாரிகள் மூவரும் ஒரு திட்டம் வகுத்தார்கள். குழந்தை நலத் துறைக்குச் செய்தி தெரிவிப்பதும் அத்திட்டத்தில் அடங்கியிருந்தது. இரண்டு நாள் கழித்து விளையாட்டுத் துறைத் தலைவர், யோசித்துப் பார்த்தும் ஜோவோடு பேசியும் பார்த்த பிறகு அந்த வழி தமக்கு ஒவ்வவில்லை என்றும், முதலில் சாண்டஸ்கியிடமே பேசிப் பார்க்கலாம் என்றும் மின்னஞ்சல் எழுதினார். அவர் திருந்தாவிட்டால், தெரிவிக்காமல் விட்ட பழி நமக்கு வரும் என்று பல்கலைக் கழகத் தலைவர் பதில் எழுதினார், எழுதிவிட்டு உடன்பட்டார். அந்த உரையாடலில் பட்டர்னோ சொன்னது என்ன என்பதற்கு வேறு சான்று இல்லை. தெரிவிக்க வேண்டாம் என்று அவர் தடுத்தார் என்பவரும், அது வெறும் ஊகம் என்பவரும் இன்றளவும் வாதிடுகிறார்கள். எனக்கு அந்த வாதத்தில் அவ்வளவு ஈடுபாடு இல்லை. தடுத்திராவிட்டாலும், தெரிவித்தீர்களா என்று ஒரு முறை கேட்க அவருக்குப் பத்தாண்டு அவகாசம் இருந்தது. அந்தப் பத்தாண்டில் சாண்டஸ்கி அதே கட்டடங்களில் நடமாடக் கண்டவர்தாம் அவர். சிறுவர்களை வளாகத்துக்கு அழைத்து வர வேண்டாம் என்று சாண்டஸ்கிக்குச் சொன்னதோடு அதிகாரிகள் நிறுத்திக்கொண்டார்கள். காவல் துறைக்கு எவரும் போகவில்லை. 2001-ஆம் ஆண்டுக்குப் பின்னரும் கொடுமைக்கு உள்ளான சிறுவர்கள் உண்டென்பது பின்னர் வழக்கில் நிரூபணமாயிற்று.

2011-ஆம் ஆண்டு நவம்பர் தொடக்கத்தில் சாண்டஸ்கி கைதானார். விஷயம் வெளியானதும் நாடே கொதித்தது. சட்டப்படி பட்டர்னோ செய்ய வேண்டியதைச் செய்துவிட்டார் என்று ஒப்புக்கொண்ட மாநிலக் காவல் துறைத் தலைவர், அறத்தின்படி செய்ய வேண்டியதைச் செய்தாரா என்ற வினாவையும் உடனே எழுப்பினார். அன்றைய பென்சில்வேனியச் சட்டம், நிறுவனத்தில் வேலை பார்ப்பவர் தம் மேலதிகாரியிடம் தெரிவித்தால் போதும் என்றே சொல்லிற்று. நவம்பர் 9-ஆம் நாள் காலையில், பருவ முடிவில் விலகுவதாகப் பட்டர்னோ அறிவித்தார். பின்னோக்கிப் பார்க்கையில், இன்னும் செய்திருக்கலாமே என்று வருந்துவதாகவும் கூறினார். பல்கலைக் கழக ஆட்சிக் குழுவினர் பருவ முடிவு வரை காத்திருக்கவில்லை. அன்றிரவே ஓர் ஆள் மூலம் தொலைபேசி எண் எழுதிய சீட்டை அனுப்பி, அவர் அழைத்துப் பேசியபோது, அறுபத்தோராண்டுப் பணியைச் சில சொற்களில் முடித்துவிட்டார்கள்.

ஆயிரக்கணக்கான மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். தொலைக்காட்சி நிறுவனத்தின் வண்டியொன்றைக் கவிழ்த்தார்கள். அவர்களுடைய சினமெல்லாம் ஆட்சிக் குழுவின்மீதும் செய்தியாளர்மீதும் பாய்ந்தது. இரண்டு நாள் கழித்து அதே வளாகத்தில் ஆயிரக்கணக்கானோர், துன்புற்ற சிறுவர்களை நினைந்து மெழுகுவத்தி ஏந்தி நின்றதையும் மறக்கக் கூடாது.

பட்டர்னோ நுரையீரற் புற்றுநோயால் 2012 ஜனவரி 22-ஆம் நாள், 85-ஆம் வயதில் இறந்தார். அந்நகரில் ஊர்ப் பெரியோரை வரைந்திருந்த சுவரோவியம் ஒன்று உண்டு. அவர் இறந்ததும் ஓவியர் அவர் தலையைச் சுற்றி ஓர் ஒளிவட்டம் தீட்டினார். ஜூன் மாதம் சாண்டஸ்கி 45 குற்றங்களில் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. பின்னர் முப்பது முதல் அறுபதாண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. ஜூலையில், ஆட்சிக் குழுவே நியமித்த விசாரணையின் அறிக்கை வந்தது. கூட்டரசுப் புலனாய்வுத் துறையின் முன்னாள் தலைவர் லூயி பிரீ நடத்திய அவ்விசாரணை, மூன்று அதிகாரிகளோடு பட்டர்னோவும் சேர்ந்து உண்மையை மறைத்தார் என்று முடிவு கூறிற்று. பட்டர்னோவின் குடும்பத்தார் அதை மறுத்து வேறோர் அறிக்கை வெளியிட்டார்கள். ஓவியரோ ஒளிவட்டத்தை அழித்துவிட்டார். நைக்கி நிறுவனம் தன் வளாகத்துக் குழந்தைகள் காப்பகத்துக்குப் பட்டர்னோவின் பெயரை வைத்திருந்தது; அதையும் நீக்கியது. பெயர் வைத்தபோது யாரும் எண்ணியிராத பொருள் அந்தப் பலகைக்கு வந்துவிட்டது.

சிலை போன மறுநாள், கல்லூரி விளையாட்டுகளை ஆளும் தேசியச் சங்கம் தண்டனை அறிவித்தது. ஆறு கோடி டாலர் அபராதத்தோடு, 1998 முதல் 2011 வரை பெற்ற வெற்றிகளையெல்லாம் ஏட்டிலிருந்து அடித்துவிட்டது. 409 வெற்றி 298 ஆகக் குறைந்தது. வழக்குகள் தொடர்ந்தன; 2015 ஜனவரியில் சமரசம் ஏற்பட்டு, அடித்த வெற்றிகளை மீண்டும் எழுதினார்கள். 298 மறுபடியும் 409 ஆயிற்று. நடந்த பந்தயத்தை நடக்கவில்லை என்று எழுதியதும் விளையாட்டு. எழுதியதை அழித்ததை வெற்றியென்று கொண்டாடியதும் விளையாட்டு. அதிகாரிகள் மூவரும் குழந்தைகளை ஆபத்துக்கு உள்ளாக்கிய குற்றத்துக்காகத் தண்டனை பெற்றார்கள். பல்கலைக் கழகம் துன்புற்றவர்களுக்குப் பத்துக் கோடி டாலருக்கு மேல் ஈடு கொடுத்தது. பென்சில்வேனியா 2014-ஆம் ஆண்டில் சட்டத்தைத் திருத்தி, மேலதிகாரியிடம் சொல்வதோடு நில்லாமல், அறிந்தவரே நேரடியாக அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று ஆக்கிற்று.

நம் நாட்டிலும் 2012-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த போக்சோ சட்டம் அதையே சொல்கிறது. குழந்தைக்கு இத்தகைய தீங்கு நேர்ந்தது என்று அறிந்த எவரும் காவல் துறைக்கோ சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்கத் தவறினால் ஆறு மாதம் வரை சிறை. நிறுவனத்தின் பொறுப்பிலிருப்பவர் தவறினால் ஓராண்டு வரை. தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டேன், செயலாளரிடம் சொல்லிவிட்டேன் என்பது அங்கே விடையாகாது. வெளி மாநிலத்தில் உறவினர் துணையின்றி வாழும் நம் போன்றோர், மொழியே முழுமையாய்ப் பழகாத ஊரில், ஆசிரியரையும் பயிற்சியாளரையும் நம்பிப் பிள்ளைகளை விடுதிக்கும் பயிற்சி முகாமுக்கும் அனுப்புகிறோம். இந்தச் சட்டத்தைப் பற்றி நம்மில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம் என்று எனக்கு ஐயம்தான்.

சிலையை அகற்றிய பல்கலைக் கழகத் தலைவர் நூலகத்தின் பெயரைத் தொடவில்லை. அது மாணவர் கல்விக்கு அவர் ஆற்றிய தொண்டின் அடையாளம், ஆகவே நிலைக்கும் என்றார். அதுவும் நியாயமே என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டும் ஒரே மனிதர் செய்தவைதாம். 2016-ஆம் ஆண்டில், அவர் தலைமையேற்ற ஐம்பதாம் ஆண்டை அரங்கில் நினைவுகூர்ந்தபோது எழுந்து நின்று ஆரவாரித்தவர்கள் பலர். பொறுக்க மாட்டாமல் கண்டித்தவர்களும் பலர். சிலையை மீண்டும் நிறுத்த வேண்டும் என்ற குரல் அதன்பின்னும் ஓயவில்லை.

விசாரணை அறிக்கையில் ஒரு செய்தி உண்டு. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரியில் இத்தனை பேர் கூடிப் பேசினார்கள். சாண்டஸ்கியிடம் எப்படிச் சொல்வது, யார் சொல்வது, எந்தத் துறைக்குத் தெரிவிப்பது, தெரிவிக்காவிட்டால் என்னாகும் என்றெல்லாம் ஆராய்ந்தார்கள். குளியலறையிலிருந்த அந்தச் சிறுவன் யார், எங்கே இருக்கிறான், எப்படி இருக்கிறான் என்று அவர்களில் ஒருவர்கூடத் தேடவில்லை. பதினோராண்டு கழித்து வழக்கு நடந்தபோது அரசுத் தரப்பார் அவனைப் பெயரிட்டுச் சொல்ல இயலாமல், இரண்டாம் எண் என்றே குறிப்பிட்டார்கள்.